6% இன்கிரிமென்ட் போட்டும் கைக்கு வருவது 430 ரூபாய் குறைவு. பணவீக்கம் 0.25% தானே என்கிறார் ஹெச்ஆர்

கட்டபெட்டு_மூடுபனி (கேள்வி)

கோவை கம்பெனி, சப்போர்ட் வேலை. வீடு கோத்தகிரி பக்கம், வாடகை. வேலை வீட்டிலிருந்தேதான், மாதத்தில் இரண்டு நாள் மட்டும் கீழே இறங்க வேண்டும். 2025 டிசம்பரில் அப்ரைசல் கடிதம் வந்தது, ஜனவரி சம்பளத்திலிருந்து அமல். எண்களை அப்படியே போடுகிறேன்.

பழையது: சிடிசி (கம்பெனி எனக்காகச் செய்யும் மொத்தச் செலவு) வருஷத்துக்கு 7,20,000, அதாவது மாதம் 60,000. அதில் வேரியபிள் (மாதாமாதம் வராமல், இலக்கைப் பொறுத்துப் பிறகு வருவது) 10%. பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 24,000. பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) என் பங்கு 2,880, கம்பெனி பங்கு 2,880 (இதுவும் சிடிசிக்குள்). கிராஜுவிட்டி (பணிக்கொடை) 1,154. குரூப் இன்ஷூரன்ஸ் 500. தொழில் வரி மாதக் கணக்கில் 208. கைக்கு 46,378.

புதியது: சிடிசி 7,63,200, அதாவது மாதம் 63,600. வேரியபிள் 12%. பேசிக் 31,800. பிஎஃப் இரு பக்கமும் 3,816 வீதம். கிராஜுவிட்டி 1,530. இன்ஷூரன்ஸ் 650. தொழில் வரி அதே 208. கைக்கு 45,948.

6% ஏற்றிய பிறகு 430 ரூபாய் குறைகிறது. கேட்டால், "அக்டோபர் பணவீக்கம் 0.25%, நவம்பர் 0.71%. அதோடு பார்த்தால் 6% தாராளம்" என்று பதில்.

வீட்டுச் செலவு, போன வருஷம் / இந்த வருஷம், மாதக் கணக்கு:
வாடகை 9,000 / 10,000
மளிகை, பால் 8,500 / 8,900
காய்கறி 2,400 / 1,900
கேஸ், கரண்ட் 2,100 / 2,500
ஸ்கூல் ஃபீஸ், வேன் 5,000 / 5,600
மருந்து, டாக்டர் 1,500 / 1,800
பெட்ரோல், பஸ் 3,000 / 2,900
போன், நெட் 1,300 / 1,300
துணிமணி, இதர 3,000 / 3,200
மொத்தம் 35,800 / 38,100. என் கணக்குப்படி 6.4% ஏறியிருக்கிறது.

ஹெச்ஆர் சொல்வது பொய்யா, என் கணக்கு தப்பா? கேட்பதற்கு ஏதாவது இடம் இருக்கிறதா? வேலையை விடும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.

---

சம்பளச்சீட்டு

முதலில் அந்த 430 எங்கே போனது என்று பார்த்துவிடலாம். பணவீக்கம் அப்புறம்.

சிடிசி மாதத்துக்கு 3,600 ஏறியிருக்கிறது. அதில் வேரியபிள் 6,000-லிருந்து 7,632 ஆனது, போனது 1,632. கம்பெனி பிஎஃப் பங்கு ஏற்றம் 936. கிராஜுவிட்டி ஏற்றம் 376. இன்ஷூரன்ஸ் 150. கூட்டினால் 3,094. மீதி 506 தான் உங்கள் கிராஸில், அதாவது பிடித்தத்துக்கு முந்தைய மாதச் சம்பளத்தில் ஏறியது. அதிலிருந்து உங்கள் பங்கு பிஎஃப் 936 கூடுதலாகப் பிடிக்கிறார்கள். 506-இல் 936 கழித்தால் மைனஸ் 430. கணக்கில் தில்லுமுல்லு ஏதும் இல்லை, சிடிசி என்கிற பெட்டிக்குள் சாமானை இடம் மாற்றி அடுக்கியிருக்கிறார்கள்.

பேசிக்கை ஏன் 40-லிருந்து 50 சதவீதம் ஆக்கினார்கள்? நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. அதன்படி அலவன்ஸ்கள் எல்லாம் சேர்ந்து மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேல் போனால், மேற்படும் பகுதியும் ஊதியமாகவே கணக்காகும். பேசிக்கைச் சிறிதாக வைத்து அலவன்ஸை ஊதவிட்ட கம்பெனிகள் எல்லாம் அதனால்தான் சீட்டை மாற்றி எழுதுகின்றன. அதைத் தப்பு சொல்ல முடியாது.

ஆனால் பிஎஃப் விஷயத்தில் சட்டம் கட்டாயப்படுத்தும் உச்சவரம்பு 15,000 ரூபாய். அதில் 12% என்றால் 1,800. வரம்புக்கு மேல் கட்டுவது விருப்பம் என்பதையும், வரம்பு அளவிலேயே பிடிப்பவர்களுக்குக் கைக்கு வருவது குறையாது என்பதையும் மத்திய தொழிலாளர் அமைச்சகமே டிசம்பரில் தெளிவுபடுத்தியது. உங்கள் கம்பெனி ஆரம்பத்திலிருந்தே முழு பேசிக்குக்குக் கட்டுகிறது, அதனால்தான் பேசிக் ஏறியதும் பிடித்தமும் ஏறியது. இதை 1,800-க்கு இறக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். ஏற்கெனவே முழுச் சம்பளத்துக்குக் கட்டிவருபவர் பாதியில் குறைப்பது லேசான காரியமில்லை. தவிர, அது உங்கள் பணம். கம்பெனி பங்கில் 1,250 (15,000-இல் 8.33%) பென்ஷன் கணக்குக்குப் போய்விடும், அது மாறாது. ஆகவே ஏறிய 936 முழுவதும் பிஎஃப் கணக்கிலேயே விழும். 2024-25-க்கு வட்டி 8.25%. பாங்க் எஃப்டியில் அது கிடைக்காது.

கிராஜுவிட்டி அப்படி இல்லை. 4.81% என்பது 15 நாள் சம்பளத்தை 26 நாளால் வகுத்து, அதை 12 மாதத்துக்குப் பிரித்தால் வருவது. நிரந்தர ஊழியர் என்றால் ஐந்து வருஷம் முடிந்தால்தான் கையில் வரும். குறித்த கால ஒப்பந்தம் என்றால் புதிய சட்டத்தில் ஒரு வருஷம். நான்காம் வருஷம் வேலை மாறினால் மாதம் 1,530 காற்றோடு போகும். அதைச் சம்பளமாக எண்ணாதீர்கள்.

ஆகவே உங்களுக்கு நிச்சயமாக வருகிற காசு எது? கைக்கு வருவது, இரு பக்க பிஎஃப், அவ்வளவுதான். பழையது 46,378 + 5,760 = 52,138. புதியது 45,948 + 7,632 = 53,580. ஏற்றம் 1,442 ரூபாய், 2.77%. கடிதத்தில் இருக்கும் 6-ஐ மறந்துவிட்டு இந்த 2.77-ஐ எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மைனஸ் 430 என்று போய்ச் சண்டை போட்டால் "பிஎஃப்பில் இருக்கே" என்று ஒரே வரியில் வாயை அடைத்துவிடுவார்கள்.

வருமான வரியைப் பொறுத்தவரை, 2025-26-க்குப் புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரி இல்லை, கவலை வேண்டாம். (ஒரு கொசுறு: கடல்மட்டத்துக்கு 1,000 மீட்டருக்கு மேல் வேலை பார்த்தால் மலைப்படியில் மாதம் 300 ரூபாய்க்கு வரிவிலக்கு என்று ஒரு விதி பழைய வரிமுறையில் உண்டு. கோத்தகிரிக்குத் தாராளமாகப் பொருந்தும். மாதம் 300, ஒரு கிலோ காப்பித்தூள்கூட வராது. புதிய முறையில் அதுவும் கிடையாது.)

---

வெலிங்டன்_பஜார்

மேலே சொன்னவர் சீட்டைப் பிரித்துப் போட்டுவிட்டார். நான் 0.25-ஐப் பிரிக்கிறேன்.

ஹெச்ஆர் பொய் சொல்லவில்லைங்க. 2025 அக்டோபர் எண் 0.25% தான், 2012 விலையை 100 என்று வைத்துப் போடும் நுகர்வோர் விலைக் குறியீட்டு வரிசையில் அதுவரை வந்ததிலேயே குறைவு. ஆனால் அது எந்த மாதத்தோடு ஒப்பிட்ட எண்? 2024 அக்டோபரோடு. அந்த அக்டோபரில் பணவீக்கம் 6.21%. காய்கறி மட்டும் ஒரே வருஷத்தில் 42% ஏறியிருந்த மாதம். தக்காளி, வெங்காயம் வாங்கியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் இந்த வருஷம் எல்லாம் பள்ளமாகத்தான் தெரியும். காய்கறி 27% அளவுக்கு இறங்கியது. 2023-இல் 100 ரூபாய்க்கு வாங்கிய காய் 2024-இல் 142 ஆகி, 2025-இல் 103-க்கு வந்து நின்றிருக்கிறது. ஏறின மாடியிலிருந்து இறங்கி வாசலுக்கு ஒரு படி மேலே நிற்கிறோம், அவ்வளவே.

குறியீடு அளக்கும் மொத்தப் பொருள் கூடைக்கும் அதே மாதிரி போட்டுப் பாருங்கள். 100 ரூபாய்ப் பொருள் 106.21 ஆகி, பிறகு 106.48. போன அப்ரைசலில் 6.21-ஐ வைத்துச் சம்பளம் ஏற்றினார்களா என்று கேளுங்கள். அப்போது "பட்ஜெட் இல்லை" என்றிருப்பார்கள். ஏறும்போது பட்ஜெட்டையும் இறங்கும்போது பணவீக்கத்தையும் பார்க்கிற அளவுகோல் நிறைய ஆபீஸ்களில் இருக்கிறது.

இரண்டாவது, எடை, அதாவது அந்தக் கூடையில் ஒவ்வொரு செலவுக்கும் கொடுக்கிற பங்கு. அந்த வரிசையில் உணவு, பானங்களின் எடை 45.86%. உங்கள் வீட்டில் மளிகை, பால், காய்கறி எல்லாம் சேர்ந்து 10,900, அதாவது 35,800-இல் 30%. உணவு விலை இறங்கியதன் பலன் நாட்டுச் சராசரிக்கு எவ்வளவு கிடைத்ததோ அதில் மூன்றில் இரண்டு பங்குதான் உங்களுக்கு. வாடகை நேர் எதிர். வீட்டுவசதிக்கு அங்கே எடை 10.07%, அதுவும் நகர்ப்புறத்துக்கு மட்டும் (நகர்ப்புறக் கூடையில் 21.67%, கிராமக் கூடையில் வாடகையே கிடையாது). உங்களுக்கு 25%. வீட்டை ஹோம்ஸ்டேக்கு விட்டால் ஒரு சீசனில் எடுக்கலாம் என்று கணக்குப் போடும் ஓனர் இருக்கிற ஊரில், 11 மாத அக்ரிமென்ட் முடியும்போது 1,000 ஏறுவது அதிசயமில்லை. அந்த ஒரு செலவு மட்டுமே உங்கள் 6.4% ஏற்றத்தில் 2.8 சதவீதப் புள்ளியைத் தூக்கிவிட்டது. ஸ்கூல் 1.7. காய்கறி 1.4 புள்ளி இறக்கியிருக்கிறது.

இப்போது உங்கள் கணக்கில் இருக்கிற தப்பு. 6.4 என்று போட்டீர்களே, அதில் விலை ஏற்றமும் உபயோக ஏற்றமும் கலந்து கிடக்கிறது. கேஸ், கரண்ட் செலவைப் பாருங்கள், 400 ரூபாய் ஏற்றம். சிலிண்டருக்கு 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏற்றினார்கள். மாதம் ஒரு சிலிண்டர் என்றால் 50. மிச்சம் 350? வீட்டுக் கரண்ட் கட்டணம் அந்த வருஷம் ஏறவில்லை, ஜூலையில் ஏற வேண்டியதை அரசே ஏற்றுக்கொண்டது. ஆகவே அந்த 350 நீங்கள் கூடுதலாக எரித்தது. வீட்டில் உட்கார்ந்து வேலை, காலை மூடுபனி, பக்கத்தில் ஹீட்டர். சரியா?

1,000 வாட் ஹீட்டர் நாளுக்கு 3 மணி நேரம் என்றால் 3 யூனிட். மாதம் 26 நாள், இரண்டு மாத பில்லுக்கு 156 யூனிட். முன்பு 180 யூனிட் ஓடிய வீடு 336 ஆகிறது. முதல் 100 இலவசம், அடுத்த 100 சலுகை விலை என்பதால் 180-இல் நின்றவரை பில் லேசாக இருந்திருக்கும். இந்த 156-இல் 20 தவிர மற்றதெல்லாம் சலுகை தாண்டிய யூனிட். பில்லில் ஏறக்குறைய 700, மாதம் 350. சொல்லி வைத்தாற்போல உங்கள் எண்ணுக்குப் பொருந்துகிறது. (2,000 வாட் ஆயில் ஹீட்டர் வாங்கும் யோசனை இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101-லிருந்து 200 வரைக்கான சலுகையும் சேர்ந்து போய்விடும். ஒரு யூனிட் கூடினதுக்கு இரட்டை அடி.)

அந்த 350-ஐ விலைவாசியில் சேர்க்காதீர்கள். அது ஆபீஸ் கரண்ட் பில், உங்கள் வீட்டு மீட்டரில் ஓடுகிறது. தனியாக எடுத்து வையுங்கள். மீதி ஏற்றம் 1,950, அதாவது 5.45%. இதுதான் உங்கள் வீட்டுப் பணவீக்கம். மற்ற செலவுகளையும் ஒரு தரம் இதே மாதிரி சரி பாருங்கள்: காய்கறி குறைந்தது விலையாலா, வாங்குவதைக் குறைத்ததாலா? பஸ் செலவில் பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் 2024-இல் மலைப்பகுதி பஸ்ஸுக்கும் வந்ததன் பலன் எவ்வளவு? அதெல்லாம் கழித்தும் 5-க்குக் கீழே வராது என்றுதான் தோன்றுகிறது.

2.77 வருமான ஏற்றம், 5.45 செலவு ஏற்றம். 1.0277-ஐ 1.0545-ஆல் வகுத்தால் 0.975. வாங்கும் சக்தி இரண்டரை சதவீதம் குறைந்திருக்கிறது.

---

குஞ்சப்பனை_வளைவு

எல்லாம் சரி. ஐடியில் வருஷம் முழுக்க ஆளைக் குறைக்கிறார்கள். 6% போட்டதே பெரிசு. கோவையில் இருந்தால் வாடகை இதுக்கு டபுள். மலையில் உட்கார்ந்துகொண்டு கோவைச் சம்பளம் வாங்குகிறவர் கணக்குப் பார்க்கலாமா? இங்கே ரிசார்ட்டில் 12 மணி நேரம் நிற்கிற பையனிடம் போய் வேரியபிள் பற்றிக் கேளுங்கள்.

---

இலைக்கணக்கு

ரிசார்ட் பையன் பற்றிச் சொன்னது வாஸ்தவம். அதற்காக இவர் கணக்குப் பார்க்கக்கூடாது என்றாகாது. மலையில் செலவு கம்மி என்பதும் பாதிதான் உண்மை. இங்கே விளையும் கேரட்டும் கோஸும் மலிவு, கீழேயிருந்து ஏறி வரும் அரிசி, பருப்பு, எண்ணெய், மருந்து எல்லாம் லாரி வாடகையையும் சேர்த்துத்தான் ஏறும்.

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. நாடு முழுவதற்குமான 0.25-ஐ வைத்து அடித்துக்கொள்ள வேண்டியதே இல்லை. நம் குன்னூருக்கே தனி எண் இருக்கிறது. மத்திய தொழிலாளர் பணியகம் மாதாமாதம் வெளியிடும் தொழில்துறைத் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீடு 88 மையங்களில், 317 சந்தைகளில் விலை எடுத்துப் போடுவது. தோட்டத் தொழில் இருப்பதால் குன்னூர் அதில் ஒரு மையம். எஸ்டேட், ஃபாக்டரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது பழக்கமான சங்கதி, ஐடிக்காரர்களுக்குத் தெரிவதில்லை.

பார்க்கும் முறை: ஒரு மாதத்துக்கான எண் அடுத்த மாதக் கடைசி வேலைநாளில் வரும். பணியகத்தின் தளத்தில் மையவாரி அட்டவணை உண்டு. குன்னூர் வரிசையில் இந்த வருஷ மாதத்தின் எண்ணைப் போன வருஷ அதே மாத எண்ணால் வகுத்து, ஒன்றைக் கழித்து, நூறால் பெருக்குங்கள். ஒரு மாதத்தை மட்டும் வைக்காமல் 12 மாதச் சராசரியை 12 மாதச் சராசரியோடு வைத்தால் தக்காளி சீசன் ஆட்டம் அடங்கும். மத்திய அரசு அகவிலைப்படிக்கும் 12 மாதச் சராசரிதான். அது அகில இந்திய எண்ணில், ஜனவரி, ஜூலை என இரு தடவை.

சறுக்கும் இடங்கள் இரண்டு. இப்போதைய வரிசை 2016 = 100. பழைய 2001 வரிசையோடு சேர்க்க அகில இந்திய எண்ணுக்கு 2.88-ஆல் பெருக்க வேண்டும். அந்த 2.88-ஐக் குன்னூர் எண்ணுக்குப் போட்டால் தப்பு, ஒவ்வொரு மையத்துக்கும் தனி இணைப்பு எண். உங்களுக்கு 2016 வரிசைக்குள்ளேயே வேலை முடிந்துவிடும் என்பதால் இந்தத் தலைவலி வேண்டாம். அடுத்தது வாடகை. இந்தக் குறியீட்டில் வாடகைக் கணக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும்தான் புதுப்பிக்கப்படும். மார்ச்சில் ஏறிய வாடகை ஜூலை எண்ணில்தான் தெரியும். உணவு எடை இதில் 39.17, வீட்டுவசதி 16.87, இதரம் 30.31. உங்கள் வீட்டுக்கு அந்த 45.86 கூடையைவிட இது கிட்டத்தில் இருக்கிறது.

பழைய ஆட்கள் பஞ்சப்படி என்பார்கள். விலை ஏறினால் தானாக ஏறுகிற படி. தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலியோடு வருகிற அகவிலைப்படியும் ஏப்ரல் 1 தோறும் விலைக் குறியீட்டை வைத்து மாறும். கொழுந்து கிள்ளுகிற அம்மாவுக்கு இருக்கிற இந்தப் பிடிமானம் லேப்டாப் தட்டுகிறவருக்கு இல்லை. அவருக்கு ஒவ்வொரு வருஷமும் அப்ரைசல் என்ற பெயரில் பேரம்.

சிறு விவசாயிக்கு அதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பசுந்தேயிலை விலை ஏலத்தைப் பொறுத்தது, விவசாயிக்கு 65, ஃபாக்டரிக்கு 35 என்ற பங்கு. தூள் கிலோ 120-க்குப் போனால் அதில் 65% 78 ரூபாய். நாலு கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள் என்று வைத்தால் இலைக்கு 19.50. உரம் மூட்டை என்ன விலை, ஆள் கூலி என்ன என்று அந்தச் சூத்திரம் கேட்பதே இல்லை. சரி, அது வேறு இழை.

---

மெயில்_போடு

இப்போது கேட்க வேண்டியதைப் பார்ப்போம். 5.45% ஈடுகட்ட 52,138-இல் 2,841 ஏறியிருக்க வேண்டும். ஏறியது 1,442. பள்ளம் மாதம் 1,399.

"இன்னும் 1,400 ஏற்றிக் கொடுங்கள்" என்று கேட்டால் நடக்காது. இன்கிரிமென்ட் பட்ஜெட் பூட்டியாகிவிட்டது, அந்த ஹெச்ஆர் நினைத்தாலும் சிடிசியைத் தொட முடியாது. ஆனால் வேரியபிளை 10-லிருந்து 12 ஆக்கினார்களே, அந்த 2% எவ்வளவு? 63,600-இல் 1,272. அதைப் பழைய 10-க்கே கொண்டு வந்தால் சிடிசி ஒரு பைசா மாறாது, பட்ஜெட் மாறாது, உங்களுக்குக் கைக்கு 47,220 ஆகிவிடும். பள்ளத்தில் பத்தில் ஒன்பது பங்கு அடைபட்டது. கேட்பதென்றால் இதை மட்டும் கேளுங்கள். ஒரே கோரிக்கை, ஒரே எண்.

மறுத்தால் அடுத்தபடி: வேரியபிள் எந்தச் சூத்திரத்தில் வருகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். கம்பெனி லாபம் எவ்வளவு பங்கு, டீம் டார்கெட் எவ்வளவு, தனி ரேட்டிங் எவ்வளவு. கடந்த இரண்டு வருஷம் எத்தனை சதவீதம் பட்டுவாடா ஆனது. பட்டுவாடா தேதிக்கு முன் ராஜினாமா கொடுத்தால் கிடைக்குமா, நோட்டீஸ் காலத்தில் இருந்தால் கிடைக்குமா. பெரும்பாலான பாலிசியில் "பட்டுவாடா அன்று பணியில் இருக்க வேண்டும்" என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். 91,584 ரூபாய் அந்த ஒரு வரியில் தொங்குகிறது. (வேலை விடுகிறவர்களுக்குக் கூலிப் பாக்கியை இரண்டு வேலை நாளில் தீர்க்க வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. வேரியபிள் அதற்குள் வருமா என்பது பாலிசி வாசகத்தைப் பொறுத்தது, அதை நம்பி இறங்காதீர்கள்.)

அதோடு, யாரும் எழுதாத ஒரு விலைவாசி: நேரம். 45,948-ஐ நாளுக்கு 8 மணி, 22 நாள், 176 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 261. ராத்திரி எட்டரைக்கு "ஒரு குயிக் கால்", பத்து மணிக்கு "இதை மட்டும் பார்த்துடுங்க" என்று தினம் ஒன்றரை மணி கூடினால் 209 மணி நேரம். மணிக்கு 220. இது 16% சம்பள வெட்டு, கடிதமே இல்லாமல். வீட்டிலிருந்து வேலை என்பதால் பயண நேரம் மிச்சம், அதனால் கூட ஒரு மணி உட்காரலாம் என்று நினைக்கிற மேனேஜர்கள் நிறையப் பேர். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்கிற ஆபீஸில் இது இன்னும் ஜாஸ்தி. குடும்பத்தில் யாரும் ஓவர்டைம் கேட்பதில்லையே! ஒரு மாதம், எந்தத் தேதி எத்தனை மணிக்கு அழைப்பு, எவ்வளவு நேரம் என்று ஒரு எக்ஸல் ஷீட்டில் போட்டு வையுங்கள். சண்டைக்கு இல்லை. சுழற்சி முறை ஆன்கால் (நேரம் கடந்து வரும் அழைப்பை ஆள் மாற்றி ஆள் எடுப்பது) கேட்பதற்கு, அல்லது மறுநாள் தாமதமாக உள்ளே வருவதற்கு, அந்த ஷீட் மட்டும்தான் பேசும். காசு தர முடியாத கம்பெனி நேரத்தைத் தரும், அதற்கு அவர்களுக்கு அனுமதி வாங்க வேண்டியதில்லை.

"மலையில் செலவு கம்மிதானே" என்று அவர்களும் கேட்பார்கள், மேலே ஒரு நண்பர் கேட்ட மாதிரி. ஊர் விலையை வைத்துச் சம்பளம் என்றால் கோவையில் ஆபீஸ் நாற்காலி, கரண்ட், ஜெனரேட்டர், நெட் மிச்சமானதையும் அதே கணக்கில் சேர்க்கணும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். பணவீக்கம் 0.25-ஆ 5.45-ஆ என்ற விவாதத்துக்குள் போகவே வேண்டாம். அதில் ஜெயித்தாலும் கைக்கு எதுவும் வராது.

மெயில் நான்கு வரிக்கு மேல் போகக்கூடாது. உதாரணம்:

"திருத்திய சம்பளக் கட்டமைப்பைப் பார்த்தேன். சிடிசி 6% கூடியிருந்தும் பிஎஃப் உட்பட மாதம் நிச்சயமாக வருவது 2.77% தான் கூடியிருக்கிறது. வேரியபிள் 12% ஆனதே முதன்மைக் காரணம். மொத்த சிடிசியில் மாற்றமில்லாமல் வேரியபிளை முன்போல 10%-இல் வைத்து, மாதம் 1,272 ரூபாயை நிலையான பகுதிக்கு மாற்றித் தரக் கேட்டுக்கொள்கிறேன்."

---

கட்டபெட்டு_மூடுபனி

அனைவருக்கும் நன்றி. ஹீட்டர் கணக்கு அப்படியே சரி, வாட் உட்பட. குன்னூர் எண் இருப்பதே தெரியாது. ஒரே ஒரு சந்தேகம்: அந்த 350-ஐயும் நெட் காசையும் தனியாகக் கேட்கலாம் என்றால் பில் கேட்பார்கள். கரண்ட் கனெக்‌ஷன் ஓனர் பெயரில், பில்லும் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை.

---

சம்பளச்சீட்டு

பில் கொடுத்துத் திரும்பப் பெறும் வழியில் போகாதீர்கள். ஓனர் பெயர், இரு மாத பில், வீட்டு உபயோகம் எவ்வளவு ஆபீஸ் உபயோகம் எவ்வளவு என்று அக்கவுண்ட்ஸ் மூன்று தடவை திருப்பி அனுப்பும். மாதம் இவ்வளவு என்று நிலையான ஒர்க் ஃப்ரம் ஹோம் அலவன்ஸாகக் கேளுங்கள். பில் இல்லாத அலவன்ஸுக்கு வரி உண்டு, ஆனால் உங்கள் வருமானம் வரிவரம்புக்குள்ளேயே இருப்பதால் உங்களுக்கு நஷ்டமில்லை.

எண் போடும்போது கரண்ட் 350, நெட் பில்லில் பாதி. வருஷம் முழுக்க ஹீட்டர் ஓடாது என்று யாராவது கண்டுபிடிப்பார்கள், அதனால் 350-ஐ நவம்பரிலிருந்து பிப்ரவரிக்கும், பிறகு ஜூன் முதல் ஆகஸ்ட் மழைக்கும் என்று ஏழு மாதத்துக்குப் போட்டு, 2,450-ஐ 12-ஆல் வகுத்து மாதம் 204 என்று நீங்களே முதலில் எழுதிவிடுங்கள். நெட் பில்லில் பாதி உங்கள் 1,300-இல் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்து அதோடு கூட்டுங்கள். வேரியபிள் மெயிலோடு இதைச் சேர்க்காதீர்கள். அதற்குப் பதில் வந்தபின் தனி மெயிலாகப் போகட்டும். இரண்டையும் ஒன்றாக அனுப்பினால் சின்னதைக் கொடுத்துவிட்டுப் பெரியதை மூடிவிடுவார்கள்.